ஈரநெல்லும் கூட்டு வியாபாரமும்

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நிகழ்வது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய அக்காலமே. களத்தில் குவித்த நெல் நனையுமாயின் சில நாட்களிலேயே சூடேறி முளைகட்டும். அரிசி பழுப்பேறி வாடை பிடிக்கும். அந்நிலையில் மிராசுதார் வந்த விலைக்கு விற்றுவிடுவதன்றி வேறு வழியறியார். வாங்கும் வியாபாரியும் இதனால் நெடுங்காலம் லாபம் அடைகிறார் என்று சொல்வதற்கில்லை. கெட்ட நெல்லை மலிவாக வாங்கினும் அது கெட்ட அரிசியாகவே வெளிவருகிறது; நொய் மிகுகிறது; அரிசி வாங்கினோர் மறுமுறை வருவதில்லை; நெல் விற்றவரும் மறு ஆண்டு வேறு ஆளைத் தேடுகிறார்.

இத்தொல்லை 1960-ஆம் ஆண்டுகளின் நடுவில் பன்மடங்காயிற்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தினின்று வெளிவந்த ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல் நல்ல மகசூல் தந்தமையால் குறுவைப் பரப்பு விரிந்தது. மகசூல் பெருகிய அளவுக்கு மழைநாளில் களத்தில் கிடக்கும் ஈரநெல்லும் பெருகியது.

அந்நாளில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருவாரூரில், தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தாரின் புதுமுறை அரிசி ஆலை இருந்தது. ஈரநெல்லுக்கு விலையைக் குறைத்துக் கொள்வதே எந்த ஆலைக்கும் எளிய வழி. அவ்வாலையிலோ 1967-ல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராயிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வி. சுப்பிரமணியன் அங்கு வந்து இவ்விஷயத்தில் உழைத்தார். ஆராயப்பட்ட வழிகளுள் ஒன்று மிக எளிது: ஈரநெல்லுடன் கறியுப்பைக் கலந்து வைத்தால், உப்பு நீரை இழுத்து முளைப்பையும் பூசணத்தையும் தடுக்கும், வெயில் வந்தபின் நெல்லை உலர்த்திக்கொள்ளலாம். யந்திரம் வேண்டாத முறையாதலால் சிறு குடியானவருக்கும் எட்டுவது. அச்சிறு கூடமே வளர்ந்து தஞ்சைக்கு மாறி, பல பெயர்களைப் பெற்றபின், இன்று நிஃப்டெம் என்ற தேசிய நிறுவனமாக விளங்குகிறது.

புதுமுறை ஆலையின் வேலையும் கவனிக்கத்தக்கது. பழைய ஹல்லர் யந்திரத்தில் உமியும் தவிடும் கலந்தே விழும், அக்கலப்புக்கு விலையில்லை. ரப்பர் உருளை யந்திரம் முதலில் உமியை மட்டும் நீக்குகிறது. தனித்து வரும் தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகும். உமி கொதிகலனுக்கு எரிபொருளாகும். புழுங்கலுக்கு நெல்லைக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து வாடை ஏற்றுவதற்குப் பதிலாக, சுமார் 70 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்தால் போதும். நொய் குறைந்து, அரிசி வாடையின்றி வந்து, தவிட்டுக்கும் விலை கிடைக்கும்போது, நெல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆலைக்கு வகை ஏற்படுகிறது. அந்த வகையில்லாத இடத்தில் வியாபாரியைக் கடிந்து பயனில்லை.

கிராமச் சங்கத்தார் இத்தனை பெரிய ஆலையை நாட வேண்டியதில்லை. ஒரே ரக நெல்லைப் பயிரிடும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, சிமெண்டுக் களம் ஒன்றும், தார்ப்பாய்களும், ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றும் வைத்துக்கொண்டால் பாதி வேலை தீர்ந்தது. அரசாங்கக் கொள்முதலுக்குப் பொதுவாக விதித்துள்ள ஈரப்பத வரம்பு 17 சதவிகிதம்; நெடுநாள் சேமிக்க 14 சதவிகிதத்துக்கு மேற்படாதிருத்தல் நலம். உலர்த்தினால் எடை போகுமே என்று அஞ்சுவோர் கணக்கைப் பார்க்க வேண்டும். 22 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல் 17 சதவிகிதத்துக்கு இறங்கும்போது சுமார் 94 கிலோ நிற்கும். குறைந்த 6 கிலோவும் தண்ணீரே. ஆகவே அதே நெல்லுக்கு 100-க்கு 10 கிலோ கழிவு கேட்பவர், 4 கிலோவை உலர்த்தும் செலவுக்கென்று கேட்கிறாரா, வேறு எதற்கென்று கேட்கிறாரா என்பதை நேரில் விசாரித்துக் கொள்ளலாம். நியாயமான உலர்த்துகூலியைக் கொடுக்க மறுப்பதும் சரியன்று. கருவி எல்லோர் முன்னிலையிலும் வைக்கப்பட்டிருந்தால் இவ்வழக்குகள் பெரும்பாலும் எழமாட்டா.

ஈரநெல்லைக் காய்ந்த நெல்லோடு கலந்து மூட்டை கட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஒருவர் செய்கையால் சங்கத்தின் முழுச் சரக்கும் திரும்பி வரும். அதன்பின் ஆலைக்காரர் அச்சங்கத்தின் ஒவ்வொரு மூட்டையையும் குத்திப் பார்ப்பார். ஆதலின் மூட்டைமேல் உரியவரின் அடையாள எண்ணை எழுதி வைப்பது முதல் வேலை.

கிராம அதிகாரிகளின் பங்கும் சிறிதன்று. கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவோருக்குச் சிட்டா, அடங்கல் விவரங்கள் தேவை. அறுவடை தொடங்கியபின் அவற்றைத் தேடி நடக்கும் ஒவ்வொரு நாளும் நெல் திறந்த வெளியில் கிடக்கும் நாளாகும். கதிர் பால்கட்டும் தருவாயிலேயே பயிர்ப்பரப்பைச் சரிபார்த்து, சங்கத்தாருக்கு உரிய சான்றுகளை ஒருசேர எழுதி வைத்துவிட்டால், அறுத்த நெல் மழைக்கு முன் நிலையத்துக்குப் போய்ச்சேரும்.