சொல்லின் வேர் தேடப் புறப்படும் பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் இருந்துகொண்டு சொல்லாராய்ச்சிக்கு ஆசைப்படுகிறீர்கள், கொடுத்து வைத்தவர்கள். உள்துறைமுக இறங்குதுறையில் ஒரு மணித்தியாலம் நின்றாலே போதும். கயிற்றை எறிந்துவிட்டு நம்மாள் "கட்டு" என்பார். அதே வேலைக்குப் பக்கத்து வள்ளத்துச் சிங்களவர் சொல்வது 'பந்தினவா'. இந்த இரண்டு சொல்லையும் வைத்தே சொல்கிறேன்.

1. வினைச்சொல்லிடம் போங்கள். பெயர்ச்சொல் லேசாகக் கப்பலேறும்: கந்தோர் ஒல்லாந்தரோடு வந்தது, மேசை போர்த்துக்கேயரோடு வந்தது. வினை அப்படிச் சுலபத்தில் வீடு மாறாது. உறவை விசாரிக்க அதுதான் நல்ல சாட்சி.

2. ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் பைண்ட், ஒல்லாந்திலும் ஜெர்மனிலும் பிண்டன், சுவீடிஷில் பிண்டா. எல்லாம் கட்டுவதுதான். இவை ஒத்திருப்பதைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள், இறந்தகாலத்தையும் பாருங்கள். ஜெர்மனில் பிண்டன், பாண்ட், கெபுண்டன். ஒல்லாந்தில் பிண்டன், போண்ட், கெபோண்டன். ஆங்கிலத்தில் பைண்ட், பவுண்ட். நடு உயிர் மாறுகிற ஒழுங்கும் சேர்ந்து வருகிறது. 1639இல் நம்முடைய கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் பிடித்தவர்களும், 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து அதைப் பறித்தவர்களும் ஒரு தாய் வயிற்று வினையைத்தான் வாயில் வைத்திருந்தார்கள்.

3. இதில்தான் பொறுமை வேண்டும். சிங்களத்துப் பந்தினவாவும் அந்தக் குடும்பம்தான். மூல மொழியில் அந்த வேரின் இரு ஓரத்து மெய்களும் மூச்சோடு ஒலித்தவை: முன்னே ஒரு 'ப', பின்னே ஒரு 'த'. ஜெர்மானிய மொழிகள் இரண்டின் மூச்சையும் விட்டுவிட்டன. யாக்கோப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்திய ஒலிமாற்றங்களில் இதுவும் அடங்கும். சமஸ்கிருதம் வேறு வழியில் போயிற்று. ஒரு சொல்லில் இரண்டு மூச்சொலி அடுத்தடுத்த அசைகளில் வந்தால் முன்னதன் மூச்சை மட்டும் அது களையும். 1863இல் இதை விளக்கியவர் ஹெர்மன் கிராஸ்மன். தொழிலோ கணக்கு வாத்தியார்! சமஸ்கிருதத்தில் மிஞ்சிய பின் மூச்சும் சிங்களத்துக்கு வரும்போது கழன்றது. ஆகவே பைண்டும் பந்தினவாவும் ஒரே மெய்யில் தொடங்குகின்றன, ஆனால் அந்த மெய் வந்த வழி இரண்டு. கிரேக்கத்தில் மாமனாருக்குப் பெயர் 'பெந்தெரோஸ்'. அதுவும் இதே வேர், கலியாணத்தால் கட்டுண்டவர் என்ற கணக்கில். காதால் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். விதியால் பார்த்தால் மறுக்க முடியாது.

4. பொருள் ஒத்தால் உறவு என்று எழுதிவிடாதீர்கள். நாம் கல்யாணம் 'கட்டுகிறோம்'. சிங்களவர் 'கசாத பந்தினவா' என்கிறார்கள். (அந்தக் கசாத, மணமானவர் என்ற போர்த்துக்கேயச் சொல்.) அதைக்கொண்டு கட்டும் பந்தினவாவும் சொந்தக்காரர் ஆகிவிடாது. கட்டுக்குச் சொந்தம் வேறு பக்கம்: கன்னடத்திலும் தெலுங்கிலும் கட்டு, மலையாளத்தில் கெட்டு. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இவை ஒரே பந்தியில் இருக்கின்றன.

5. ஓசை ஒத்தாலும் அப்படியே. ஆங்கிலக் 'கட்' வெட்டும், கட்டாது.

6. பிறந்ததா, வாங்கியதா என்று கேளுங்கள். கந்தளாய்க்குப் போங்கள். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி உடைந்த அந்தக் குளக்கட்டை நீர்ப்பாசனக் கந்தோர்க்காரர் 'பண்ட்' என்பார்கள். அது பாரசீக 'பந்த்' இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பைண்டை வீட்டிலேயே வைத்திருந்த ஆங்கிலம் அதே வேரை வெளியிலும் கடன் வாங்கியிருக்கிறது. அதே கந்தோரில் 'அனிகட்' என்றும் சொல்வார்கள். அது நம்முடைய அணைக்கட்டு. கட்டுமரமும் அப்படித்தான் போனது. வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சிட்ட பயண நூலில் அது 'கட்டமரன்' ஆகிவிட்டது. நாமும் சும்மா இருக்கவில்லை. மகளைக் கொடுத்த வீட்டாரைச் சம்பந்தி என்கிறோமே, அது சமஸ்கிருத வழியில் வந்த அதே பந்தம். கிரேக்க மாமனாருக்குத் தூரத்து உறவு. கட்டைப் பிறப்பாலும் பந்தத்தைக் கடனாலும் வைத்திருக்கிற நம் மொழிக்கு இதில் குறைவு ஒன்றுமில்லை. தூய்மை பேசுகிறவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

7. பெரியவர்களை மதியுங்கள், சரியும் பாருங்கள். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1938இல் வெளியிடத் தொடங்கிய சொற்பிறப்பு அகராதியில் தமிழ் வேர்களை இந்தோ-ஐரோப்பிய வேர்களோடு ஒப்பிட்டார். அந்த உழைப்புக்கு முன் நான் கைகட்டி நிற்பேன். அவருடைய ஒவ்வொரு சோடியையும் மூன்றாம் அறிவுரையில் சொன்ன உரைகல்லில் உரசித்தான் ஏற்பேன். சிங்களத்துக்கு வில்ஹெல்ம் கைகரின் 1941ஆம் ஆண்டுச் சொற்பிறப்புத் தொகுப்பைக் கையில் வைத்திருங்கள்.

8. சொன்னவர் எந்த ஊர், என்ன தொழில், என்ன வயது என்று கொப்பியில் குறியுங்கள். மூதூர் வள்ளக்காரரின் கட்டும் நகரத்துக் கிளாக்கரின் கட்டும் ஒரே வேலைக்கு வருவதில்லை. ஒருவர் கயிற்றைக் கட்டுவார், மற்றவர் காசைக் கட்டுவார்.

9. நம்மூர்ப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கலப்புமொழி பேசும் முதியவர்கள் இருக்கிறார்கள். வள்ளத்தைக் கட்டவும் பெண்ணைக் கட்டவும் அவர்கள் ஒரே வினையைச் சொல்கிறார்களா என்று கேட்டு வாருங்கள். பிறகு அடுத்த சொல்லைத் தொடுவோம்.