பழைய வீட்டுக்குச் சதுர அடி ரேட் சரிவருமா?

கேள்வி: மயிலாடுதுறையில் எங்கள் அப்பா காலத்து வீடு. மெட்ராஸ் டெரஸ் தளம், சுண்ணாம்புச் சுவர், நடுவில் முற்றம். ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் வரைபடம் வாங்கினோம். அப்பாவுக்குப் பழக்கமான கான்ட்ராக்டரிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலையை ஒப்படைத்தோம். மொத்தம் 16 லட்சம்; அதில் 9 லட்சம் கொடுத்தாகிவிட்டது. இப்போது கூடத்தில் இரண்டு விட்டங்கள் உளுத்துப்போயிருக்கின்றன, தளத்தையே உடைத்து கான்கிரீட் போட்டால்தான் சரிவரும், இன்னும் 4 லட்சம் வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். விட்டத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். ஆனால் நேரில் வந்து சொல்லுங்கள் என்றால், “சைட் என் பொறுப்பில் இல்லை” என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, “கான்கிரீட்டே போட்டுடு அக்கா” என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது அம்மா. அந்த இரண்டு விட்டங்களுக்கும் கீழே முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கூடத்தில் யாரும் படுக்க வேண்டாம். தளத்தை உடைக்கும் பேச்சை நிறுத்திவையுங்கள். ஒயரிங், கழிப்பறை வேலைகள் நடக்கட்டும்.

உடைப்பதா வேண்டாமா என்பதைச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கான்ட்ராக்டரோ ஆர்க்கிடெக்ட்டோ கூட்டிவருகிற ஆளாக இல்லாமல், நீங்களே விசாரித்து அழைத்து வாருங்கள். 4 லட்சத்துக்கு முன்னால் அவருடைய கட்டணம் பெரிய செலவே இல்லை. தேக்கு விட்டம் பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் முதலில் கெடும். சுவரின் ஈரம் அங்கேதான் மரத்தில் ஏறும். கரையானும் அந்த வழியாகத்தான் வரும். பார்வைக்கு நன்றாக இருக்கும் விட்டத்தின் முனையில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். எனவே உளுத்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், கூடத்தின் எல்லா விட்டங்களையும் இரு முனைகளிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மெட்ராஸ் டெரஸில் விட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதற்கும் மேல் தட்டோடு. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டுக் கெட்ட விட்டத்தை மட்டும் எடுத்து, வேறு தேக்கோ இரும்பு கர்டரோ வைப்பது பல வீடுகளில் நடந்துவரும் வேலைதான். கூடத்தின் தளத்தை மட்டும் உடைத்து கான்கிரீட் போட்டால், பழையதும் புதியதும் சேருகிற கோடு மழைக்கு வழிவிடும் இடமாகிவிடும். பாதிக்கு மேல் விட்டங்கள் போய்விட்டன என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் கான்கிரீட் நியாயமே. அப்போதும் அந்தச் சுவர்கள் எதைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு அவரே டிசைன் தர வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்றும் அவரிடமே கேளுங்கள். நிரம்பினால் அது ஒரு டன்.

இன்னொன்றையும் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச்சு தொடங்கிவிட்டார்களா? ஆரம்பித்திருந்தால் நிறுத்துங்கள். காவிரிக்கரை மண்ணில் சுவர் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்து, பூச்சே பெயர்ந்து விழும்.

இனி பணம். உங்கள் சிக்கலின் வேர் சதுர அடி ரேட்டில் இருக்கிறது. காலி மனையில் புதிதாகக் கட்டும்போது அந்த முறை ஓரளவு ஓடும். எல்லாமே கண்ணுக்குத் தெரியும். பழைய வீட்டில் பூச்சைத் தட்டும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு சதுர அடி என்றால் எதைக் குறிக்கிறது? ஒரு அறையில் வெறும் பெயின்ட், அடுத்ததில் தரை, பூச்சு, ஒயரிங் எல்லாமே. அதனால்தான் புதிதாகக் கண்டுபிடிக்கும் ஒவ்வொன்றும் “எஸ்டிமேட்டில் இல்லை” ஆகிவிடுகிறது. கான்ட்ராக்டர் ஏமாற்றுகிறார் என்று இதற்குள் முடிவுகட்ட வேண்டாம். அவர் கையிலும் எழுத்தில் எதுவும் இல்லை.

இப்போதாவது அளவுப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வேலையும் தனி வரி: இவ்வளவு சதுர அடி பூச்சு, இவ்வளவு ரன்னிங் ஃபீட் பைப், இத்தனை லைட் பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் ரேட், எந்தக் கம்பெனிப் பொருள். பிறகு ஒரு நாள் ஆர்க்கிடெக்ட்டின் உதவியாளர், கான்ட்ராக்டரின் மேஸ்திரி, நீங்கள் மூவரும் டேப்பைப் பிடித்து, முடிந்த வேலையை அளந்து ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கொடுத்த 9 லட்சத்துக்கு ஈடாக வேலை நடந்திருக்கிறதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். ஈடாகும்வரை அடுத்த தவணை வேண்டாம். கடைசி 5 சதவீதத்தை ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை கடந்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவின் பழக்கத்துக்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அளந்து எழுதிக்கொண்டால் அந்தப் பழக்கமும் கெடாமல் இருக்கும்.

கூடுதல் வேலை எதுவானாலும் தொடங்குவதற்கு முன் எழுத்தில் வரட்டும்: என்ன வேலை, எவ்வளவு அளவு, என்ன ரேட், எத்தனை நாள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். வீட்டிலிருந்து உத்தரவு ஒரே ஆளிடமிருந்து போக வேண்டும். தம்பி போனில் மேஸ்திரியிடம் ஒன்று சொல்ல, நீங்கள் கொத்தனாரிடம் வேறொன்று சொல்ல, அதெல்லாம் கடைசியில் பில்லாகத்தான் வரும். சுவருக்குள் போகும் பைப்பையும் ஒயரையும் பூசுவதற்கு முன் போட்டோ எடுத்துவையுங்கள். கழிப்பறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திக் கசிவு பாருங்கள்.

ஆர்க்கிடெக்ட்டிடம் வரைபடத்துக்கு மட்டும் கட்டணம் பேசியிருந்தால், “சைட் என் பொறுப்பில் இல்லை” என்று அவர் சொல்வதில் தவறில்லை. மேற்பார்வைக்குத் தனியாகப் பேசுங்கள். மாதத்துக்கு எத்தனை தடவை வருவார், கான்ட்ராக்டரின் பில்லைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவாரா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் ‘சிஏ’ என்று தொடங்கும். அதையும் கேட்டுப் பாருங்கள்.

சமாதானமாக முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டத்தில் வீடு கட்டும் பணியும் ‘சேவை’ என்பதற்குள் வருகிறது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அளந்து கையெழுத்திட்ட நோட்டுதான் அங்கே உங்கள் முக்கியச் சாட்சி.

தம்பிக்கு இன்ஜினியரின் அறிக்கையை அப்படியே அனுப்புங்கள். விட்டம் மாற்றுவது என்று முடிவானால், மேல்தளம் போடச் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் வேண்டும். தஞ்சை, காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாரை அழைக்கலாம், முன்பு எந்த வீட்டில் செய்தார்கள் என்று ஆர்க்கிடெக்ட்டிடம் கேட்டு, அந்த வீட்டுக்கு நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மழைக்காலத்துக்குள் முடிக்க முடியாது என்று தெரிந்தால் முட்டு அப்படியே இருக்கட்டும்; மேலே தார்ப்பாய் போட்டுவிட்டு, தை மாதம் தளத்தைத் தொடுங்கள்.