ஹூஸ்டனில் இருக்கும் உயில்

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் வசித்த என் அண்ணன் காலமாகிவிட்டார். அவருடைய உயில் அங்குள்ள கோர்ட்டில் பதிவாகியிருக்கிறதாம். மதுரையிலிருந்தே நகல் வாங்க முடியுமா?

பதில்: முடியும், ஐயா. வக்கீலும் தேவையில்லை. முதலில் அண்ணன் கடைசியாகக் குடியிருந்த வீடு எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) இருந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். ஹூஸ்டன் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், நகரின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டி. பக்கத்து சுகர்லேண்ட், ஃபோர்ட் பெண்ட் கவுண்டி. தப்பான இடத்துக்கு எழுதினால் "பதிவு இல்லை" என்றுதான் பதில் வரும்.

ஹாரிஸ் என்றால் உயில் வழக்குகள் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். விவாகரத்துத் தீர்ப்பு கேட்பவர்கள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் போக வேண்டும். இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள். கவுண்டி கிளார்க்கின் இணையதளத்தில் அண்ணனின் பெயரை, பாஸ்போர்ட்டில் இருந்த எழுத்துகளோடு, தேடிப் பாருங்கள். இனிஷியலை விரித்தும், பெயரை முன்பின் மாற்றியும் பார்க்க வேண்டும். நம் பெயர்கள் அங்கே அப்படித்தான் புரண்டு கிடக்கும். வழக்கு எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

சான்றிட்ட நகலாகவே கேளுங்கள். டெக்சாஸ் கவுண்டி கிளார்க்குக்குப் பக்கத்துக்கு 1 டாலர், சான்றுக்கு 5 டாலர். டெக்சாஸின் தகவல் சட்டம் நீதிமன்றங்களுக்குப் பொருந்தாது. அதனால் நம்மூர் ஆர்டிஐ மனு பாணியில் எழுத வேண்டாம். வழக்கு எண், பெயர், தேவைப்படும் ஆவணம், இவை போதும்.

இங்கே காட்டுவதற்கு, ஆஸ்டினிலுள்ள மாநிலச் செயலர் அலுவலகத்தின் அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான சான்று) முத்திரையும் வாங்கிவிடுங்கள்.