முதல் குதியில் விமானம் உடைவதில்லை

செஸ்னா 172 போன்ற விமானத்தில் சோலோவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு, பல காலம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவன் சொல்வது.

1. வேகத்தை ஃபைனலிலேயே சரிசெய்துவிடுங்கள். 65 நாட்டில் வரவேண்டிய விமானத்தைப் பயந்துகொண்டு 75இல் கொண்டுவருவார்கள். கூடியது பத்து நாட்தான். ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அது கரையும்வரை விமானம் ரன்வேக்கு மேல் மிதந்துகொண்டே போகும். பொறுமை இழந்து மூக்கை அழுத்தினால் வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

2. இறங்கும் அடியைத் தாங்கவேண்டியவை பின் சக்கரங்கள் இரண்டும்தான். அவற்றின் கால்கள் வளைந்துகொடுக்கும் எஃகு. மூக்குச் சக்கரத்தின் கால் இன்ஜினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வாலோடு பிணைந்தது. அங்கே பலமாக அடி விழுந்தால் ஃபயர்வாலே நெளிந்துபோகும்.

3. குதித்துவிட்டதா? கையை அடக்குங்கள். ரன்வே சட்டென்று கீழே போனதும் பதறிய கை கண்ட்ரோலை முன்னால் தள்ளும். மூக்குச் சக்கரம் முதலில் மோதும். விமானம் முன்னைவிட உயரமாக எம்பும். கை இழுக்கும், மறுபடி தள்ளும். ஒவ்வொரு தடவையும் விமானம் ஒரு நொடி முந்திக்கொள்ளும், உங்கள் கை பிந்திப்போகும். இரண்டு மூன்று குதிக்குள் மூக்குச் சக்கரத்தின் கால் மடங்கி, ப்ரொப்பெல்லர் ரன்வேயைச் சுரண்டும். சின்னக் குதி என்றால், மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்து, துளி த்ராட்டில் கொடுத்து இறக்குங்கள். பெரிய குதி என்றால் கோ-அரவுண்ட். அதில் யோசனையே வேண்டாம்.

4. கோ-அரவுண்ட் என்றால் முழு த்ராட்டில், வலது ரட்டர், ஃபிளாப் உடனே 20க்கு. ட்ரிம் இறங்குவதற்காக வைத்தது என்பதால், பவர் வந்ததும் மூக்கு தானாகவே தூக்கும். பலமாக அழுத்திப் பிடிக்கவேண்டும். ஃபிளாப் முழுவதையும் ஒரேயடியாக எடுத்தால் விமானம் அமுங்கும். டவருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கோ-அரவுண்ட் போனதற்காக மாணவனைத் திட்டும் இன்ஸ்ட்ரக்டர் இருந்தால், ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

5. சோலோவில் பக்கத்து இருக்கை காலி. எடை குறைந்த விமானம் வேகமாக ஏறும், இறங்கும்போது கூடுதலாக மிதக்கும்.

6. பக்கக் காற்றுக்குக் கையேட்டில் இருக்கும் 15 நாட், தேர்ந்த பைலட் செய்து காட்டியது. உங்கள் எல்லை அதைவிடக் குறைவு. எவ்வளவு என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. உடைந்தேவிட்டால் மிக்ஸ்சர், எரிபொருள், மேக்னெட்டோ, மாஸ்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெளியே வந்து தள்ளி நில்லுங்கள். விசாரணைக்காரர்கள் சொல்லும்வரை யாரும் விமானத்தை நகர்த்தக் கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சுற்றிக்கொண்டிருந்த ப்ரொப்பெல்லர் தரையில் பட்டால் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தாகவேண்டும். "லேசாகத்தான் உரசியது" என்று மழுப்பினால், அடுத்து அதே இன்ஜினை நம்பி ஏறுகிறவர் உங்களோடு படிக்கிறவர்தான்.

சோலோவுக்குக் கையெழுத்து வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: குதித்த நிலையிலிருந்து கோ-அரவுண்ட் எப்படி என்று இன்ஸ்ட்ரக்டர் செய்துகாட்டட்டும், பிறகு அவர் பக்கத்தில் இருக்கும்போதே நீங்களும் செய்துபாருங்கள்.