பல் எண்ணி ராட்செட் வாங்கலாமா?

வீட்டு டூல் பாக்ஸுக்கு நல்ல ராட்செட் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்த நாளிலிருந்து அது கைக்கு வந்து சேரும்வரை ஒரு இனிய தவிப்பு இருக்கும். புது மாடல் வரப்போகிறது என்று காதில் விழும். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போம். தலை எவ்வளவு தடிமன், பிடி உள்ளங்கையில் எப்படி உட்காரும் என்று மனசுக்குள் ஒத்திகை நடக்கும். இந்த ஆசை நல்ல ஆசை. தன் வண்டியைத் தானே கழற்றி மாட்டுகிறவருக்குக் கருவியின் மேல் பிரியம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் இந்த நாட்களில்தான் அரைகுறைத் தகவல்களும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பல் எண்ணிக்கை, பளபளப்பு, வாழ்நாள் உத்தரவாதம் எல்லாம் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடிக்க வசதியானவை. நல்ல ராட்செட்டையும் சாதா ராட்செட்டையும் பிரிக்கிற விஷயங்களோ பெட்டியில் அச்சாவதில்லை. விலை கொடுத்து வாங்கப்போகிறவர்கள் அவற்றைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: பல் அதிகமாக இருந்தால் ராட்செட் உசத்தி.

உண்மை: பாதிதான் சரி. ராட்செட் தலைக்குள் ஒரு பல்சக்கரம், அதைக் கவ்வும் ஒரு கொக்கி, கொக்கியைத் தள்ளி வைக்கும் ஒரு ஸ்பிரிங். சுற்றுக்கு 36 பல் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடியை 10 டிகிரி பின்னால் கொண்டுவர வேண்டும். 72 பல்லுக்கு 5 டிகிரி, 90 பல்லுக்கு 4, 120 என்றால் 3. வண்டியின் சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கைப்பிடி கொஞ்சம்தான் அசையும் என்கிற இடத்தில் இந்த வித்தியாசம் பெரிய உதவி. 24 பல் கொண்ட பழைய ராட்செட் 15 டிகிரி கேட்கும். அதிலிருந்து 72க்கு வருகிறவருக்கு அருமை உடனே புரியும்.

72இலிருந்து 120க்குப் போவது அப்படிப்பட்ட தாவல் அல்ல. காகிதத்தில் மிச்சமாவது 2 டிகிரி. சாக்கெட், ராட்செட்டின் சதுர முனையில் இறுக்கமாக உட்காருவதில்லை, கொஞ்சம் ஆட்டம் இருக்கும். போல்ட்டின் தலைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம். எக்ஸ்டென்ஷன் போட்டால் மேலும் ஒரு இணைப்பு, மேலும் ஒரு ஆட்டம். இறுகிய போல்ட் ஒன்றில் எக்ஸ்டென்ஷனோடு மாட்டி கைப்பிடியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். போல்ட்டுக்கு விசை போய்ச் சேருவதற்கு முன்னால் கைப்பிடி சும்மாவே நகரும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 2 டிகிரி அங்கேயே கரைந்துவிடலாம்.

எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கியர்ரெஞ்ச் நிறுவனத்தின் 120எக்ஸ்பி ராட்செட்டுக்குள் இருக்கும் சக்கரத்துக்கு 60 பல்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு கொக்கிகள் மாறி மாறிக் கவ்வுவதால் சுற்றுக்கு 120 நிலைகள் கிடைக்கின்றன. இது ஏமாற்று அல்ல, நல்ல யோசனை; பல்லைப் பொடியாக்காமலே 3 டிகிரியைத் தருகிறது. பொடிப் பல்லின் சிக்கலை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 20 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 63 மி.மீ. அதில் 36 பல் வெட்டினால் பல்லுக்கு 1.7 மி.மீ. கிடைக்கும். 120 வெட்டினால் அரை மி.மீ.தான். அவ்வளவு நுணுக்கமாக வெட்டிய பல்லும் கொக்கியும் ஒன்றோடொன்று துல்லியமாகப் பொருந்தினால்தான் பாரம் பல பற்கள் மேல் பரவும். நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கொக்கி முழுசாக இறங்காது. முழுசாக இறங்காத கொக்கி பாரம் ஏறும்போது நழுவும். இறுக்கமான போல்ட்டில் ராட்செட் நழுவினால் விரல் முட்டி நேராக இன்ஜின் துடுப்பில் போய் மோதும்.

பிரீமியம் கருவி செய்கிறவர்களையே பாருங்கள். ஜப்பானின் கோகென் தன் ஜீல் வரிசை ராட்செட்டில் 36 பல்லை வைத்தே நல்ல பெயர் வாங்கியது. அதே நாட்டில் கியோட்டோவைச் சேர்ந்த கே.டி.சி., தன் உயர்ரக நெப்ரோஸ் வரிசைக்கு 90 பல்லைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் 80 பல்லால் பேர் பெற்றது. மூன்றுமே நல்ல ராட்செட்டுகள், எண்கள் மட்டும் வேறு வேறு.

கடையில் உண்மையாகவே சோதிக்க வேண்டியது பின் இழுவையை. ஒரு போல்ட்டையும் நட்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நட்டை விரலால் இரண்டு மரை மட்டும் ஏற்றிவிட்டு, சாக்கெட்டை மாட்டிக் கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள், நட்டு ஏறும். இப்போது பின்னால் கொண்டுவாருங்கள். நல்ல ராட்செட்டில் நட்டு இருந்த இடத்திலேயே நிற்க, தலைக்குள் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். மோசமான ராட்செட்டில் நட்டும் கூடவே திரும்பி வந்துவிடும்; சத்தமே வராது. அப்புறம் இன்னொரு கை விரலால் சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். இன்னொரு கை நுழையாத இடத்துக்குத்தானே ராட்செட்டே வாங்குகிறோம்! பல் எத்தனை என்று கேட்பதைவிட இந்தச் சோதனை அதிகம் சொல்லும்.

நம்பிக்கை: ‘கிரோம் வனேடியம்’ என்று அடித்திருந்தால் தரம் உறுதி.

உண்மை: அது எஃகின் வகையைச் சொல்கிறதே தவிர, அந்த எஃகை என்ன செய்தார்கள் என்று சொல்வதில்லை. கிரோமியமும் மிகச் சிறிய அளவு வனேடியமும் கலந்த எஃகு கருவிகளுக்கு ஏற்றதுதான். ஆனால் அதைச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டிப் பதப்படுத்துவதில்தான் கருவியின் ஆயுள் தீர்மானமாகிறது. ஒரே மூட்டை அரிசியை இரண்டு வீட்டில் வடித்தால் ஒன்று பொலபொலவென்றும் இன்னொன்று குழைந்தும் வருவதில்லையா, அதுபோலத்தான். கடினம் கூடிப்போன பல் உடைந்து தெறிக்கும். குறைந்துபோன பல் மழுங்கும். கண்ணாடிபோல மின்னும் மேல்பூச்சுக்கும் வலுவுக்கும் சம்பந்தம் கிடையாது. அது துருவைத் தடுக்கும் மெல்லிய நிக்கல், கிரோம் படலம். எண்ணெய்க் கையோடு பிடிக்கிறவருக்கு மங்கலான பூச்சே மேல் என்பது என் அபிப்பிராயம்.

நம்பிக்கை: விலை உயர்ந்த ராட்செட்டில் பைப் போட்டுத் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது.

உண்மை: ஆகும். கை ராட்செட்டுகள் தாங்க வேண்டிய குறைந்தபட்சத் திருப்பு விசையை ஐ.எஸ்.ஓ. 3315 தரநிலை வகுத்திருக்கிறது. சதுர முனை கால் இஞ்ச் உள்ள ராட்செட்டுக்கு ஏறத்தாழ 60 நியூட்டன் மீட்டர், 3/8 இஞ்சுக்கு 200, அரை இஞ்சுக்கு 500. வெறும் கையால் இந்த எல்லையைத் தொடுவது கடினம். 3/8 ராட்செட்டின் 20 செ.மீ. கைப்பிடியில் 30 கிலோ பாரம் கொடுத்து இழுத்தால்கூடக் கிடைப்பது 60 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் அதே ராட்செட்டில் 60 செ.மீ. பைப்பைச் செருகி, 70 கிலோ மனிதர் ஏறி மிதித்தால் 400ஐத் தாண்டிவிடும். தரநிலை கேட்டதைப்போல இரண்டு மடங்கு. எந்த நாட்டில் செய்த கொக்கியாக இருந்தாலும் இது அநியாயம்.

துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு உள்ளே பல்சக்கரமே இல்லாத நீண்ட பிரேக்கர் பார் அல்லது டி-ராட் இருக்கிறது. முதல் அசைவை அதனிடம் விட்டுவிட்டு, லூஸான பிறகு ராட்செட்டை எடுங்கள். சிறிய கார்களின் சக்கர நட்டுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இறுக்கம் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர். டயர் கடையில் ஏர் கன்னால் இறுக்கியிருந்தால் அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கலாம். அங்கே ராட்செட்டைத் தொடாதீர்கள். டார்க் ரெஞ்சையும் கழற்றுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது கடைசி இறுக்கத்தை அளந்து வைப்பதற்கான கருவி.

நம்பிக்கை: வாழ்நாள் உத்தரவாதம் இருக்கிறது, கவலை இல்லை.

உண்மை: முதலில், யாருடைய வாழ்நாள் என்று படித்துப் பார்க்க வேண்டும். பல உத்தரவாதங்களில் அது கருவியின் நியாயமான பயன்பாட்டுக் காலத்தைத்தான் குறிக்கிறது. பைப் போட்டது தெரிந்தால் கிடையாது. தேயக்கூடிய உள் பாகங்களுக்குத் தனி நிபந்தனை வைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் கருவிகள் இந்த உத்தரவாதத்தாலேயே தலைமுறை தலைமுறையாகப் பேர் பெற்றவை. உடைந்ததைக் கொண்டுபோனால் கடையிலேயே மாற்றித் தந்தார்கள். 2017இல் அந்தப் பெயர் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்கு விற்கப்பட்டது. 2018இல் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. கடையே மூடிய ஊரில் உடைந்த ராட்செட்டை எங்கே கொண்டுபோய் நீட்டுவது?

வெளிநாட்டிலிருந்து தருவித்த கருவி என்றால் நிலைமை இன்னும் சிக்கல். திருப்பி அனுப்பும் செலவே புதுச் சாதா ராட்செட் ஒன்றின் விலைக்கு வந்துவிடலாம். அதனால் உத்தரவாதத்துக்கு முன்னால் இன்னொரு கேள்வி: இதற்கு ரிப்பேர் கிட் கிடைக்கிறதா? தலையின் பின்பக்கம் இரண்டு சிறு ஸ்க்ரூவோ ஒரு சர்க்லிப்போ இருந்தால் வீட்டிலேயே பிரிக்கலாம். சக்கரம், கொக்கி, ஸ்பிரிங், குண்டு என்று உள்ளே இருப்பது ஒரு கை அளவுகூடத் தேறாது. அவை தனியாகக் கிடைக்குமானால் அந்த ராட்செட் உங்களோடு பல காலம் இருக்கும். பிரிக்கவே முடியாதபடி அடைத்த தலை தூசிக்கு நல்லது, ஆயுளுக்கு நல்லதா என்பதை வாங்குகிறவர் யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை: கிரீஸை நன்றாக அப்பினால் பல் தேயாது.

உண்மை: கெட்டி கிரீஸ் கொக்கியின் ஓட்டத்தைத் தடுக்கும். பொடிப் பல் ராட்செட்டில் கொக்கி சோம்பினால் நழுவும். பழைய அழுக்கை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, இளகின கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அல்லது இரண்டு சொட்டு எண்ணெய்.

நம்பிக்கை: ஒரு ராட்செட்டுக்குக் கொடுக்கும் காசில் நூறு பீஸ் செட்டே வாங்கலாம்.

உண்மை: வாங்கலாம். 46 பீஸ் கால் இஞ்ச் செட் இன்று பல வீடுகளில் இருக்கிறது. சிறு வேலைக்கு அது வீணில்லை. ஆனால் பெட்டியை நிறைப்பவற்றில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். நம் ஊரில் ஓடும் ஜப்பானிய வழி இரு சக்கர வண்டிகளில் அடிக்கடி கைக்கு வருபவை 8, 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகள். ஐரோப்பிய வழிக் கார்களில் 12க்குப் பதிலாக 13 வரும். வீட்டுக்கு முதலில் ஒரே ஒரு நல்ல 3/8 இஞ்ச் ராட்செட், இந்த அளவுகளில் அறுகோண சாக்கெட்டுகள், குட்டையாக ஒன்றும் நீளமாக ஒன்றும் எக்ஸ்டென்ஷன், இவ்வளவுதான் என் சிபாரிசு. கால் இஞ்சை அப்புறம் சேர்க்கலாம். அரை இஞ்சில் ராட்செட்டுக்கு முன்னால் பிரேக்கர் பார் வாங்குங்கள்.

நம்பிக்கை: புது மாடல் வரும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

உண்மை: என்ன மாறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன், சாக்கெட் மாற்றிப் போடும் ராட்செட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1863இல். சக்கரமும் கொக்கியும் என்ற அடிப்படை இன்றும் அதுதான். இடையில் வந்த உருப்படியான மாற்றங்களில் ஒன்று, பொத்தானை அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும் ஏற்பாடு. எண்ணெய் படிந்த கையால் சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதைக் கண்டுபிடித்த பீட்டர் ராபர்ட்ஸ், சியர்ஸ் கடையில் வேலை பார்த்த 18 வயது இளைஞர். நிறுவனம் அவருக்குக் கொடுத்தது 10,000 டாலர். அந்தப் பொத்தான் எவ்வளவு விற்றுத் தந்தது என்பது தெரியவந்தபின் அவர் வழக்குப் போட்டார். இழுத்துக்கொண்டே போன அந்த வழக்கு 1989இல்தான் சமரசத்தில் முடிந்தது. ஒரு சின்னப் பொத்தானின் மதிப்பு அவ்வளவு.

ஆகவே புது மாடல் அறிவிப்பு வந்தால் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: தலையின் தடிமன், திசை மாற்றும் நெம்பு ஒரு கட்டைவிரலால் நகருமா, பழைய மாடலின் உள் பாகங்கள் இதற்குப் பொருந்துமா. தலை 2 மி.மீ. மெலிந்திருந்தால் அதற்காகக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. இதுவரை நுழையாத இடத்தில் நுழையும். பல் எண்ணிக்கை கூடி, பிடியின் நிறம் மாறியிருப்பது மட்டும்தான் என்றால், பழைய மாடலைக் கடைக்காரர் விலை குறைத்துத் தள்ளும் நேரம் பார்த்து அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் கிட் இருந்தால் அதையும் அப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். மாடல் நின்ற பிறகு முதலில் தட்டுப்பாடாவது அந்தச் சின்ன உறைதான்.