புள்ளி என்றால் ஓர் எழுத்தா?

கட்டளை வரியில், தேட வேண்டியதன் வடிவத்தைக் குறிகளால் எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ், பழகுகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம், புள்ளி ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும் என்பது. ஆங்கிலக் கோப்புகளில் இந்தப் பாடம் காலை வாருவதில்லை. ஆனால் ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே உள்ள வரியைக் கிரெப் (grep) என்ற தேடல் கருவியில் ^...$ என்று தேடிப் பாருங்கள் (^ வரியின் தொடக்கம், $ அதன் முடிவு), ஒன்றும் வராது. ஐந்து புள்ளி வைத்தால்தான் வரும். உடனே இன்னொரு நம்பிக்கை முளைத்துவிடுகிறது: ரெஜெக்ஸ் ஆங்கிலத்துக்கென்றே செய்தது, தமிழுக்கு ஒத்துவராது. முதல் நம்பிக்கை அரைகுறை. அதன் வயிற்றில் பிறந்த இரண்டாவது முழுப் பிழை.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியக் கணக்கு. ரெஜெக்ஸின் புள்ளி வேறு கணக்கு. அது யூனிகோடில் தனி எண் பெற்ற ஒரு குறியைப் பிடிக்கிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, மெய்ப்புள்ளி என நம் மூன்றெழுத்து கணினிக்கு ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் அவை ஒவ்வொன்றும் 3 பைட். கணினியின் மொழி அமைப்பு ‘சி’ என்றிருந்தால் கிரெப் பைட்டுகளையே எண்ணும். அப்போது 15 புள்ளி வேண்டும். இதில் ஆங்கிலத்துக்குச் சலுகை ஏதுமில்லை, அங்கே எழுத்தும் குறியும் பைட்டும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவே. ஸ்டீபன் கிளேனி 1956-இல் அச்சான கட்டுரையில் இந்தக் கணிதத்தை வகுத்தது நரம்பு வலைகளை விளக்க. மொழி என்ற பேச்சே அங்கு இல்லை. கென் தாம்சன் 1968-இல் அதை உரைத் தேடலுக்குரிய நிரலாக்கினார்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சாதாரணத் தேடு-மாற்று போதாதா என்று கேட்கலாம். ‘கல்’லை எல்லாம் ‘பாறை’ ஆக்கச் சொன்னால் அது பகலைப் ‘பபாறை’ ஆக்கும், கல்வியைப் ‘பாறைவி’ ஆக்கும். மாறாக ‘மரம்’ என்று தேடினால் மரத்தை, மரங்கள், மரமும் எல்லாம் நழுவிவிடும். வேற்றுமை ஏறியதும் உருமாறும் சொற்கள் நிறைந்த மொழிக்குத்தான் ரெஜெக்ஸ் கூடுதலாகத் தேவை. மர(ம|த்த|ங்) என்ற ஒரே கோவை, விரிந்த இலக்கணத்தில் இயங்கும் கிரெப்பிடம் கொடுத்தால், அத்தனையையும் பிடிக்கிறது, மரபைத் தொடுவதில்லை. சாமரமும் அமரத்துவமும் மாட்டிக்கொள்கின்றனவே என்றால், முன்னால் (^| ) சேர்த்து, வரித் தொடக்கத்திலோ இடைவெளிக்குப் பிறகோ வருவதை மட்டும் கேட்கலாம். சொல்லெல்லைக்கென்றே உள்ள குறியை இங்கே நம்ப முடியாது. எடுத்துக்காட்டாக, பைத்தான் நிரல்மொழியின் ரெஜெக்ஸ் நூலகம் உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. எல்லை சொல்லின் நடுவிலேயே விழுந்துவிடும்.

இதற்குப் பிறகும் ‘கால் மரத்துப்போனது’ என்ற வரி வந்து நிற்கும். அதை விலக்கப் பொருள் தெரிய வேண்டும். குறிகளை மட்டும் பார்க்கும் கருவியிடம் அதை எதிர்பார்ப்பது நம் தவறு. கண்ணுக்கே தெரியாத சிக்கலும் ஒன்று உண்டு. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ஆகவே கோப்பை யூனிகோடின் ஒரே இயல்வடிவத்துக்குக் கொண்டுவருவது முதல் வேலை. தேடி மாற்றும் கருவியான செட்டிடம் (sed) மாற்றச் சொல்லும் முன், அதே கோவையைக் கிரெப்பிடம் கொடுத்து, வரும் வரிகளை ஒருமுறை படித்துவிடுவது அடுத்தது. மரத்துப்போன கால் அங்கேதான் அகப்படும்.