உச்சிக்குப் போய்த்தான் இறங்க வேண்டும்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் பள்ளியின் பழைய தலைமையாசிரியர் காலமானதற்காகத் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்று நீங்கள் நாலைந்து பேர் போய்க் கேட்டதும், பி.டி. சார் ‘கூடவே கூடாது’ என்று திருப்பி அனுப்பியதும், அவருக்குக் கல்மனசு என்று நீ முடிவு கட்டியதும் தெரிந்தது. உன் கோபத்தில் தப்பில்லை. ஆனால் சட்டம் சார் பக்கம்தான் இருக்கிறது.

தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்க 1971-இல் ஒரு சட்டம் வந்தது. 2003-இல் அதைத் திருத்தியபோது, எதெல்லாம் அவமதிப்பு என்று ஒரு பட்டியல் சேர்த்தார்கள். கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது எல்லாம் நீ எதிர்பார்ப்பதுதான். அந்த வரிசையில் அரைக்கம்பமும் இருக்கிறது. அரசு உத்தரவிட்டு அரசுக் கட்டடங்களில் கொடி தாழ்ந்திருக்கும் நாட்களைத் தவிர, மற்ற நாளில் தேசியக் கொடியை நாமாக அரைக்கம்பத்தில் பறக்கவிட்டால் அதுவும் அவமதிப்புதான். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மரியாதை என்று நினைத்து நீங்கள் செய்யப் போனது சட்டத்தின் கண்ணுக்கு நேர் எதிராகத் தெரிந்திருக்கும். பள்ளிக்கென்று சொந்தக் கொடி இருந்தால் அதைத் தாழ்த்த டெல்லியின் உத்தரவு வேண்டியதில்லை. உங்கள் தலைமையாசிரியர் சரி என்றால் போதும். நம் தெருமுனைகளில் கட்சிக்காரர் ஒருவர் இறந்தால் வட்டச் செயலாளர் வந்து கட்சிக் கொடியைப் பாதிக்கு இறக்கிக் கட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பாய். அவர்கள் கொடி, அவர்கள் துக்கம். தேசியக் கொடி எல்லாருக்கும் பொது என்பதால், அதைத் தாழ்த்தும் உரிமை தனி ஆளுக்கு இல்லை.

அப்படியானால் யாருக்குத் தாழும்? இதற்கு 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதிமுறைகளைப் பார்க்க வேண்டும். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் இறந்தால் நாடு முழுக்க. மக்களவைத் தலைவரும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் என்றால் டெல்லியில் மட்டும். மத்திய கேபினெட் அமைச்சர் என்றால் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும். ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுக்க. மாநில கேபினெட் அமைச்சருக்கு அந்த மாநிலத் தலைநகரம் மட்டும். துக்கத்துக்குக்கூட எல்லைக்கோடு போட்டிருக்கிறார்கள் என்று உனக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் கோடு போடாவிட்டால் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அது இறந்தவருக்குத்தான் கேவலம்.

இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பதவியில் இருக்கும்போது இறப்பவர்கள். அப்துல் கலாம் 2015 ஜூலை 27-இல் ஷில்லாங்கில் மறைந்தபோது முன்னாள் குடியரசுத் தலைவர். கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7-இல் மறைந்தபோது முன்னாள் முதலமைச்சர். லதா மங்கேஷ்கர் எந்தப் பதவியிலும் இல்லை. 2022 பிப்ரவரியில் அவருக்காக நாடு இரண்டு நாள் துக்கம் அனுசரித்தது. இவர்களுக்கெல்லாம் அரசு தனியாக உத்தரவு போட்டு, எத்தனை நாள் என்று அறிவித்தது. 2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா மறைந்தபோது நிலைமை வேறு. அவர் பதவியிலிருந்த முதலமைச்சர். ஆக, சிலருக்காக விதி தானே பேசிவிடுகிறது. மற்றவர்களுக்காக யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார். கொடி பாதியில் நிற்பதைப் பார்த்தால் யாருக்காக என்று கேட்பதோடு நிறுத்தாதே. யார் சொல்லி என்றும் கேள்.

நேரத்துக்கும் விதி உண்டு. சாவுச் செய்தி பிற்பகலில் வந்து சேர்ந்தால், மறுநாளும் கொடி தாழ்ந்திருக்கும். அந்த மறுநாள் சூரிய உதயத்துக்கு முன்பே இறுதிச் சடங்கு முடிந்துவிட்டால் தவிர. விதி எழுதியவர் விவரமான ஆள். அரசுக் கட்டடங்களில் கொடி பொழுது சாயும்போது இறங்கிவிடும். மாலை நாலு மணிக்குச் செய்தி வந்தால் மிச்சம் இருப்பது இரண்டு மணி நேரம்தானே? அந்தப் பற்றாக்குறையை மறுநாளைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள்.

கொண்டாட்ட நாளும் துக்க நாளும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் கொடி தாழாது. உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தில் மட்டும் தாழ்ந்திருக்கும்; உடலை எடுத்துச் சென்றதும் அங்கேயும் உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். காமராசர் மறைந்தது 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று. பதவியிலிருக்கும் ஒரு முதலமைச்சர் அப்படி ஒரு நாளில் இறந்தால், அவர் உடல் இருக்கும் அந்த ஒரே கூரையின் மேல் மட்டும் கொடி பாதியில் நிற்கும், ஊரெல்லாம் உச்சியில் பறக்கும். இந்தத் தடைப் பட்டியலில் ஏப்ரல் 6 முதல் 13 வரையிலான தேசிய வாரமும் உண்டு. அந்த வாரம் எதற்கு என்று தெரியுமா? ஜாலியன்வாலா பாக்கில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் நினைவுக்கு. செத்தவர்களை நினைக்கும் வாரத்தில் கொடியைத் தாழ்த்தாதே என்கிறது விதி. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சரிதான் என்றே படுகிறது.

கொண்டாட்டம் துக்கத்துக்கு வழிவிட்டதும் உண்டு. நம் ராஜாமடத்துக்காரர் ஆர். வெங்கட்ராமன், முன்னாள் குடியரசுத் தலைவர், 2009 ஜனவரி 27-இல் காலமானார். குடியரசு தின அணிவகுப்பு முடிந்த மறுநாள். ஆனால் விழாவின் கடைசிக் கட்டமாக ஜனவரி 29 மாலை டெல்லியில் முப்படைகளின் வாத்தியக் குழுக்கள் வாசிக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடக்க வேண்டும். அந்த ஆண்டு அது நடக்கவில்லை.

இனி நீ கையால் செய்ய வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். என்.சி.சி.யில் இருக்கிறாய், என்றைக்காவது உத்தரவு வந்து கயிறு உன் கையில் இருக்கும். கொடியை நேராகப் பாதி உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடக் கூடாது. முதலில் விறுவிறுவென்று உச்சிவரை ஏற்று. அங்கே ஒரு கணம் நிறுத்து. பிறகு மெதுவாகப் பாதிக்கு இறக்கிக் கட்டு. மாலையில் கழற்றும்போதும் அப்படித்தான்: பாதியிலிருந்து மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டு, அதன் பிறகே முழுவதும் இறக்க வேண்டும். பாதியிலிருந்து அப்படியே கீழே இழுத்துவிடுவதுதான் அவசரத்தில் எளிதாக நேரும் தப்பு. கயிறு எவ்வளவு தூரம் ஓடினால் பாதி வரும் என்று முன்கூட்டியே பார்த்து, கயிற்றில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொள். கம்பம் சாயாமல் பிடிக்கும் இழுகயிறு இருந்தால், உச்சிக்கும் அந்த இழுகயிறு கட்டிய இடத்துக்கும் நடுவே நிற்பதுதான் நம் விதிப்படி பாதி. இழுகயிறு இல்லாவிட்டால் கம்பத்தின் சரிபாதி. ஆகஸ்ட் 15-இல் செய்வதுபோல மடித்து உள்ளே பூவிதழ் வைத்துக் கட்டி ஏற்றுகிற வேலை அன்றைக்குக் கிடையாது. விரித்த கொடியாகவே போகட்டும்.

பிரிட்டனில் பாதி என்பது பாதியே இல்லை. ஏறக்குறைய கம்பத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் நிறுத்துகிறார்கள். உச்சிக்கும் கொடிக்கும் நடுவே குறைந்தது ஒரு கொடி அளவு இடம் காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலி இடத்தில் மரணத்தின் கொடி நம் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கிறது என்று அழகாக ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. யாரோ பின்னால் உட்கார்ந்து யோசித்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. கப்பல்காரர்களின் இன்னொரு பழக்கம் எனக்கு அதைவிட நம்பும்படி இருக்கிறது. பாய்மரக் காலத்தில் கப்பலில் துக்கம் என்றால், பாய் தாங்கும் குறுக்குக் கழிகளை வேண்டுமென்றே கோணல்மாணலாகச் சாய்த்து வைப்பார்கள். கயிறுகளை இழுத்துக் கட்டாமல் தொங்கவிடுவார்கள். இழவு வீட்டில் தலை வாராமல், அடுப்புப் பற்றவைக்காமல் இருப்பதைப் போலத்தான். உச்சியில் விறைப்பாகப் பறக்க வேண்டிய கொடி தளர்ந்து கீழே கிடப்பது அந்தக் கோலத்தில் ஒரு பகுதியாக இருந்திருக்கும்.

துக்கத்துக்காகக் கொடி தாழ்ந்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு 1612-ஐச் சேர்ந்தது. ஜேம்ஸ் ஹால் என்ற ஆங்கிலேய மாலுமி கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் அங்குள்ள இனுயிட் ஒருவரால் குத்தப்பட்டு இறந்தார். அவருடைய ‘ஹார்ட்ஸ் ஈஸ்’ என்ற கப்பல் துணைக் கப்பலை நோக்கி வந்தபோது கொடி தாழ்ந்து தொங்கியது. அதைப் பார்த்ததுமே மற்றக் கப்பலில் இருந்தவர்களுக்கு யாரோ இறந்துவிட்டார்கள் என்று விளங்கிவிட்டது. யாரும் விளக்காமலே விளங்கியது என்றால், அந்த வழக்கம் 1612-க்கும் முந்தையது என்றுதானே பொருள்?

கொடியைத் தாழ்த்தாததால் ஓர் அரசகுடும்பமே ஆட்டம் கண்ட கதை ஒன்று உண்டு. 1997 ஆகஸ்ட் 31-இல் இளவரசி டயானா பாரீஸில் கார் விபத்தில் இறந்தார். லண்டனில் எங்கு பார்த்தாலும் கொடி பாதியில். பக்கிங்ஹாம் அரண்மனைக் கம்பம் மட்டும் மொட்டையாக நின்றது. அரண்மனைக்காரர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் கம்பத்தில் அரசரின் சொந்தக் கொடி மட்டுமே பறக்கும். அதுவும் அவர் அரண்மனையில் இருக்கும்போதுதான். அரசி எலிசபெத் அப்போது ஸ்காட்லாந்தில் பால்மோரலில் இருந்தார். மேலும், அரசரின் கொடி எதற்காகவும் அரைக்கம்பத்துக்கு வராது. ஒருவர் மறைந்த கணமே அடுத்தவர் அரசராகிவிடுவதால் சிம்மாசனம் ஒரு நொடியும் காலியாக இருப்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. விதியை வரி பிசகாமல் பின்பற்றினார்கள். வாசலில் மலர் வைக்க வந்த கூட்டத்துக்கு அந்த விதியெல்லாம் தெரியவில்லை. வெறும் கம்பம்தான் தெரிந்தது. பத்திரிகைகள் கொதித்தன. கடைசியில், செப்டம்பர் 6 இறுதிச் சடங்கு அன்று, அரசி அரண்மனையை விட்டுக் கிளம்பியதும் அங்கே பிரிட்டனின் தேசியக் கொடி ஏறி அரைக்கம்பத்தில் நின்றது. அதன் பிறகு வழக்கமே மாறிவிட்டது: அரசர் இல்லாத நாட்களில் அந்தக் கம்பத்தில் தேசியக் கொடி பறக்கிறது, துக்கம் என்றால் தாழ்கிறது. விதி என்றால் விதிதான் என்று மேலே உனக்கு நீட்டி முழக்கியவன் இதையும் சொல்லியாக வேண்டும். விதிகளை மனிதர்கள் எழுதினார்கள். போதிய பேர் வாசலில் வந்து நின்றால் திருத்தியும் எழுதுவார்கள்.

அமெரிக்காவில் 1954-இல் அதிபர் ஐசனோவர் போட்ட பிரகடனத்தின்படி, அதிபரோ முன்னாள் அதிபரோ இறந்தால் 30 நாள் கொடி தாழ்ந்திருக்கும். ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29-இல் மறைந்தார். கணக்குப் போட்டுப் பார்: 2025 ஜனவரி 20, டிரம்ப் பதவியேற்கும் நாள், அதற்குள்ளேயே விழுகிறது. டிரம்ப் முன்கூட்டியே குறைபட்டுக்கொண்டார். நாடாளுமன்றக் கட்டடத்தில் அன்றைக்கு மட்டும் கொடியை உச்சிக்கு ஏற்றினார்கள். பல மாநில ஆளுநர்களும் அதையே செய்தார்கள். அதே டிரம்ப் முந்தைய முறை அதிபராக இருந்தபோது, 2018 ஆகஸ்டில், அவரோடு ஒத்துப்போகாத செனட்டர் ஜான் மெக்கெய்ன் இறந்தார். வெள்ளை மாளிகைக் கொடி வார இறுதியில் தாழ்ந்து, திங்கட்கிழமை காலையிலேயே உச்சிக்குப் போய்விட்டது. நாடே முணுமுணுத்தது. அன்று மாலைக்குள் கொடி மறுபடி இறங்கியது. அந்தத் துணியின் உயரத்தை வைத்தே அந்த இருவர் உறவை ஊர் படித்துவிட்டது.

கடைசியாக, தாழவே தாழாத கொடி ஒன்று. சவூதி அரேபியக் கொடியில் இஸ்லாத்தின் உறுதிமொழி எழுதப்பட்டிருக்கிறது. அந்த வாசகத்தைத் தாழ்த்துவது தகாது என்பதால், அரசரே இறந்தாலும் அது அரைக்கம்பத்துக்கு வராது. 2015 ஜனவரியில் மன்னர் அப்துல்லா மறைந்தபோதும் வரவில்லை. ஆனால் அவருக்காக லண்டனில் அரசுக் கட்டடங்களிலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்திலும் கொடி தாழ்ந்தது. மனித உரிமை விஷயத்தில் பேர்கெட்ட அரசின் தலைவருக்குக் கிறித்தவ ஆலயம் ஏன் கொடியை இறக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் எம்.பி.க்கள் சிலர் கேட்டார்கள். இறக்காமல் விட்டிருந்தால் அதுவே நட்பு நாட்டின் மேல் வலியப் போய்ச் சொன்ன கண்டனமாகிவிடும் என்று ஆலயத்தார் பதில் சொன்னார்கள். எனக்கு அந்தப் பதில் பாதிதான் ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது. அந்தக் கயிறு உன் கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அடுத்த கடிதத்தில் எழுது, காரணத்தோடு.

அன்புடன்,
மாமா